ஐந்நூறு மணி நேரம்

கயல்விழி வேலை பார்த்த கம்பெனியில் முதலில் கோழிக்கூண்டுதான் செய்துகொண்டிருந்தார்கள். பல்லடம் பக்கத்துப் பண்ணைகளுக்கெல்லாம் கருமத்தம்பட்டியிலிருந்து பாலுசாமி அனுப்பும் கம்பிக்கூண்டுகள்தான். அவர் மகன் மிதுன் இன்ஜினியரிங் முடித்துவிட்டு வந்து, டெல்லிக்கு நாலு நடை போய், பட்டாளத்து ஆர்டர் பிடித்தான். அன்றிலிருந்து கோழி போய் ராணுவம் வந்தது.

ராணுவத்துக்குச் செய்தது ஆளுயரக் கம்பிவலைப் பெட்டிகள். உட்புறம் கம்பளி போலக் கெட்டியான துணி தைத்திருக்கும். மடித்தால் பாய் போலத் தட்டையாகிவிடும். லாரியில் அடுக்கி எல்லைக்கு அனுப்புவார்கள். அங்கே முகாமைச் சுற்றி வரிசையாக விரித்து நிறுத்தி, ஜே.சி.பி.யால் மண்ணை அள்ளிக் கொட்டினால் அரை நாளில் மதில் எழும்பிவிடும். குண்டு வந்து விழுந்தாலும் மண் அதை வாங்கிக்கொள்ளும். உள்ளே கூடாரத்தில் இருப்பவனுக்கு ஒன்றும் ஆகாது. தாளில் அதற்கு நீளமாக ஓர் இங்கிலீஷ் பெயர் இருந்தது. கம்பெனியில் பழைய பழக்கத்தில் கூண்டு என்றே சொன்னார்கள். ஆர்மிக் கூண்டு.

கயல்விழியின் கணவன் பிரான்சிஸ் அந்தக் கூண்டுகளை நடுகிற குழுவுக்குத் தலைவன். அவனுடைய அப்பா பாலுசாமி தோட்டத்தில் பண்ணையத்தாளாக இருந்தவர். பதினேழு வயதில் பிரான்சிஸைக் கூட்டிப்போய் வெல்டிங் பட்டறையில் விட்டது பாலுசாமிதான். இருபது வருஷத்தில் ராஜஸ்தான், லடாக், அசாம் என்று பல இடங்களில் மதில் கட்டிவிட்டு வந்திருந்தான். இந்தி பேசுவான். சப்பாத்தி நன்றாகச் சுடுவான். எந்த ஊர் மண்ணையும் கையில் அள்ளிப் பிசைந்து பார்த்து, ஈரம் அதிகம், இரண்டு நாள் காயட்டும் என்று சொல்லத் தெரிந்தவன். ஒரு அடி மண் கொட்டினால் இடித்து இறுக்கிவிட்டுத்தான் அடுத்த அடி கொட்ட விடுவான். மேஜர், கர்னல் யார் அவசரப்படுத்தினாலும் கேட்க மாட்டான்.

கயல்விழிக்குச் சோதனை அறையில் வேலை. பி.எஸ்ஸி. முடித்த பெண் என்பதால் மிதுன் அவளைத் தையல் வரிசையில் போடாமல் அங்கே போட்டிருந்தான். துணி வெளியூரிலிருந்து ரோல் ரோலாக வரும். ஒருசேர வரும் ரோல்களை ஒரு லாட்டு என்பார்கள். ஒவ்வொரு லாட்டிலும் ஒரு துண்டு வெட்டி, விளக்குகள் எரியும் ஓர் இரும்புப் பெட்டிக்குள் ஐந்நூறு மணி நேரம் வைக்க வேண்டும். மூன்று வாரம். பாலைவனத்தில் ஒரு வருஷத்துக்கு மேல் அடிக்கிற வெயிலை அந்தப் பெட்டி மூன்று வாரத்தில் அடித்துவிடும் என்று கணக்கு. பிறகு துண்டை எடுத்து இழுவை மெஷினில் மாட்டிக் கிழிக்க வேண்டும். புதுத் துணியின் பலம் நூறு என்றால், வெயில் பட்ட துணியில் எழுபதாவது மிஞ்ச வேண்டும். மிஞ்சினால் தாளில் எண்ணை எழுதிக் கையெழுத்துப் போடுவாள். அந்தத் தாளோடுதான் லாரி போகும்.

ஒரு ஜனவரி மாதம் துணி வேறு இடத்திலிருந்து வந்தது. நிறம் அதேதான், கனமும் அதேதான். ஆனால் வெட்டும்போது கத்தரி போன விதம் கயல்விழிக்குப் பிடிக்கவில்லை. பெட்டியில் வைக்கத் துண்டு வெட்டிக்கொண்டிருந்தபோது மிதுன் உள்ளே வந்தான்.

“கயல்விழி, அந்த ஆறு லாட்டுக்கும் சர்ட்டிபிகேட் ரெடி பண்ணிருங்க. வெள்ளிக்கெழம லாரி ஏறோணும்.”

“சார், இன்னும் பொட்டியிலயே வெக்கலீங்க. மூணு வாரம் ஆகுமுங்களே.”

“மூணு வாரமெல்லாம் இல்லீங்க. போன லாட்டு என்ன வந்துச்சு?”

“எண்பத்திரெண்டுங்க.”

“அதையே போடுங்க. ஆறுக்கும் ஒரே மாதிரி போடாதீங்க, ஒண்ணு ரெண்டு மாத்திப் போடுங்க.”

“இது புது எடத்துத் துணிங்க சார்.”

“துணி எல்லாம் ஒண்ணுதான். வெயிலுக்குக் கலக்கற மருந்து அவனும் கலந்திருக்கறதா எழுதிக் குடுத்திருக்கறான். நீங்க கையெழுத்துப் போடுங்க, நான் பாத்துக்கறேன்.”

அவன் கோபமாகப் பேசவில்லை. எப்போதும் போலத்தான் பேசினான். அவள் எண்பத்திரண்டு, எண்பது, எண்பத்தொன்று, எழுபத்தொன்பது என்று எழுதி ஆறு தாளிலும் கையெழுத்துப் போட்டாள். பிறகும் மனசு கேட்காமல், யாரும் சொல்லாமலே துண்டுகளைப் பெட்டிக்குள் வைத்தாள்.

மூன்று வாரம் கழித்து மெஷினில் மாட்டியபோது முதல் துண்டு சத்தமே இல்லாமல் இரண்டாகப் போயிற்று. பத்தொன்பது. இரண்டாவது துண்டு இருபத்திரண்டு. மூன்றாவதை மாட்டக்கூட முடியவில்லை. பிடியில் வைத்து இறுக்கியதும் நொறுங்கியது. மருந்து கலக்காத துணி.

எண்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு, அவள் அந்தத் துண்டுகளைத் தூக்கிக்கொண்டு நேரே மிதுனிடம் போனாள். அவன் ஒரு துண்டை எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்தான். பொடி மேசையில் விழுந்தது.

“அந்த லாட்டு போனது ராஜஸ்தான்ல தற்காலிக கேம்ப்புக்குங்க. வருசத்துக்குள்ள கழட்டிருவாங்க” என்றான். “இத இங்க வெச்சுட்டுப் போங்க.”

வைத்துவிட்டு வந்தாள். அதன் பிறகு எத்தனையோ முறை அந்த நிமிஷத்தை நினைத்துப் பார்த்திருக்கிறாள். ஒரு துண்டையாவது கையில் வைத்துக்கொண்டிருக்கலாம். போனில் ஒரு போட்டோ எடுத்திருக்கலாம். எடுக்கத் தோன்றவில்லை. சொல்லிவிட்டோம், இனி அவர் பாடு என்று நெஞ்சு லேசானதுதான் அப்போது தெரிந்தது.

பிரான்சிஸ் அந்த வாரம்தான் ராஜஸ்தானிலிருந்து திரும்பியிருந்தான். சாப்பிட உட்கார்ந்தவனிடம் சொன்னாள்.

“நட்டாச்சே கயலு” என்றான். “நானூறு கூண்டு. ரெண்டடுக்கு. மண்ணும் ரொப்பியாச்சு.”

“அதான் சொல்றேன்.”

“மிதுன் சார்கிட்ட சொன்னியா?”

“சொல்லிப்போட்டேன். வருசத்துல கழட்டிருவாங்கன்னாரு.”

“கழட்டற மாதிரி தெரியல. கக்கூஸெல்லாம் சிமெண்டுல கட்டறாங்க அங்க.” அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். “மண்ணு இறுகி நின்னுரும். நான் நல்லா இடிச்சுத்தான் ரொப்பியிருக்கறேன்.”

“மணலு எப்பிடிங்க நிக்கும்? துணி போனா அது பாட்டுக்கு ஒழுகாதா? பாலுசாமி ஐயாகிட்டயாச்சும் சொல்லிப் பாருங்க.”

“பெரியவரு காதுல இதெல்லாம் நான் போயி எப்பிடிச் சொல்றது சொல்லு. அவிய சோத்தத் தின்னு வளந்த ஒடம்பு.”

அத்தோடு பேச்சு நின்றது. நின்றுதான் போயிற்று. பதினாறு மாதம் அதைப் பற்றி இருவரும் வாய் திறக்கவில்லை. மகள் அக்ஷிதா ஏழாம் வகுப்பு போனாள். பிரான்சிஸின் அம்மா சின்னாத்தாளுக்குக் கண் ஆபரேஷன் நடந்தது. ஜெபமாலை மாதா கோயில் தேரை வழக்கம்போல பிரான்சிஸும் சேர்ந்து தூக்கினான். கயல்விழி ஒவ்வொரு லாட்டையும் மூன்று வாரம் பெட்டியில் வைத்தாள். இப்போது வரும் துணி நல்ல துணி. மிதுன் ஆளை மாற்றிவிட்டான்.

மே மாதம் அந்த ராஜஸ்தான் முகாமிலிருந்து புகார் வந்தது. துணி கிழிகிறது, மணல் கசிகிறது, மேலடுக்கு சாய்கிறது. ஆள் அனுப்பிச் சரிசெய்து கொடுக்க வேண்டும். மிதுன் பிரான்சிஸைக் கூப்பிட்டு, தாரிக்கையும் கூட்டிக்கொண்டு போய் ஒட்டுப்போட்டுவிட்டு வரச் சொன்னான். தாரிக் கோயமுத்தூர் கரும்புக்கடை ஏரியாப் பையன். கல்யாணமாகி ஆறு மாதம் ஆகியிருந்தது. நாலு வருஷமாகப் பிரான்சிஸோடுதான் சைட்டுக்குப் போய்க்கொண்டிருந்தான்.

“போக வேண்டாமுங்க” என்றாள் கயல்விழி.

“வேற யாரு போவா?”

“யாரோ போகட்டும். ஒடம்பு சரியில்லைன்னு சொல்லுங்க.”

“அப்ப தாரிக்க மட்டும் அனுப்புவாங்க. அவனுக்கு எந்தக் கூண்டு எப்பிடி நிக்குதுன்னு தெரியுமா? நட்டவன் நானு.” பையில் துணிகளை அடுக்கியபடியே சொன்னான். “உள்ள நூத்தம்பது பேரு தூங்கறானுக கயலு. நம்ம ஊட்டுப் பசங்க மாதிரி பசங்க. அந்தச் செவுத்த நம்பிப் படுத்துக் கெடக்கறானுக.”

அவள் தண்ணீர் பாட்டிலை நிரப்பிக் கொண்டுவந்து பையின் ஓரத்தில் செருகினாள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் முகாமிலிருந்து போன் செய்தான். “நீ சொன்னது நெசந்தான். அப்பளமாட்ட நொறுங்குது. மேக்காலப் பக்கம் இருவது கூண்டு நெம்ப மோசம். அடி அடுக்குல மணலு ஒழுகி ஒழுகி வகுறு காலியாயிருச்சு. மேலடுக்கு அது மேல ஒக்காந்திருக்குது.”

“அப்ப அது கிட்ட போகாதீங்க. ஜே.சி.பி. வரச்சொல்லி மேலடுக்க மொதல்ல எறக்கச் சொல்லுங்க.”

“கேட்டிருக்கறேன். வண்டி வேற சைட்டுக்குப் போயிருக்குதாமா. ரெண்டு நாளாகும். அதுக்குள்ள சுமாரா இருக்கறத ஒட்டுப்போட்டு வெக்கறோம். பாப்பா எங்க?”

அக்ஷிதாவிடம் கொடுத்தாள். அப்பாவும் மகளும் ஒட்டகத்தைப் பற்றிப் பேசினார்கள்.

மறுநாள் காலை பத்தரை மணிக்குச் சோதனை அறையில் அவள் போன் அடித்தது. தாரிக். எடுத்தாள். மூச்சு மட்டும் கேட்டது. பின்னால் யார் யாரோ இந்தியில் கத்துவது கேட்டது.

“அக்கா” என்றான். “அண்ணன் மேல செவுரு உளுந்துருச்சுங்க அக்கா.”

சுமாராக இருந்த இடத்தில்தான் வேலை செய்திருக்கிறார்கள். பிரான்சிஸ் கீழே குத்தவைத்து உட்கார்ந்து, கிழிந்த இடத்தில் புதுத் துணியை வைத்துக் கம்பியால் தைத்துக்கொண்டிருந்தான். தாரிக் பத்தடி தள்ளிக் கம்பி வெட்டிக்கொண்டிருந்தான். சத்தம் எதுவும் கேட்கவில்லை என்றான் தாரிக். மேலடுக்குக் கூண்டு மூன்றும் சேர்ந்து மெதுவாகக் குனிவது மாதிரி குனிந்து விழுந்தன. ஒவ்வொன்றிலும் ஒன்றரை டன் மணல். தாரிக் கையாலேயே தோண்டினான். சிப்பாய்கள் ஓடிவந்து மண்வெட்டியாலும் ஹெல்மெட்டாலும் தோண்டினார்கள். தோண்டத் தோண்ட மேலேயிருந்து மணல் சரிந்து குழியை மூடியது. முகம் வெளியே தெரிந்தபோது வாயெல்லாம் மணலாக இருந்தது.

உடல் விமானத்தில் கோயமுத்தூர் வந்தது. கருமத்தம்பட்டிக் கல்லறையில் அடக்கம் செய்தார்கள். பாலுசாமி வந்தார். எண்பது வயதில் வெயிலில் நின்று, குழியில் மூன்று கைப்பிடி மண் போட்டுவிட்டுச் சின்னாத்தாள் முன்னால் கைகூப்பினார். மிதுனும் அவன் மனைவி லோகப்பிரியாவும் ஆர்.எஸ்.புரத்திலிருந்து காரில் வந்திருந்தார்கள். லோகப்பிரியா கயல்விழியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நிஜமாகவே அழுதாள். மிதுன் கயல்விழியின் முகத்தைப் பார்க்கவில்லை.

ஒரு மாதம் கழித்துக் கயல்விழி வேலைக்குப் போனாள். முகாமில் நடந்ததை விசாரிக்க ராணுவத்திலிருந்து மூன்று பேர் வரப்போவதாகச் சொல்லி, பழைய சோதனைத் தாள்களை எடுத்து வைக்கும்படி ஆபீசிலிருந்து ஆள் வந்தது. அலமாரியிலிருந்த கோப்பை எடுத்தாள். தன் ஆறு கையெழுத்துகளும் அதில் இருந்தன. அவற்றுக்கு மேலே, முகாமுக்குக் கம்பெனி எழுதிய கடிதத்தின் நகல் ஒன்று குத்தப்பட்டிருந்தது. துணியில் குறை ஏதும் இல்லை. சோதனை அறிக்கைகள் இணைக்கப்பட்டுள்ளன. மண்ணை அடுக்கடுக்காக இடித்து இறுக்காமல் ஒரேயடியாகக் கொட்டி நிரப்பியதே மதில் சரிந்ததற்குக் காரணமாக இருக்கலாம். அந்தப் பணிக்கு முழுப் பொறுப்பாளர், மறைந்த திரு. பிரான்சிஸ்.

அவள் அதை மூன்று முறை படித்தாள். கண்ணீர் வரவில்லை. கதவைச் சாத்திவிட்டுக் கொஞ்ச நேரம் தரையில் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து மிதுன் அறைக்குப் போனாள்.

“அவிய ஒரு அடிக்கு ஒருக்கா இடிக்காம விட்டதே இல்லீங்க சார். உங்களுக்கே தெரியுமுங்க.”

மிதுன் எழுந்து நின்றான். “லாயர் எழுதச் சொன்னதுங்க அது. வேற வழி இல்ல. இந்த ஆர்டர் போச்சுன்னா எரநூறு பேரு நடுத்தெருவுல நிப்பாங்க. பிரான்சிஸ எனக்கும் தெரியும். செத்தவருக்கு அதனால ஒண்ணும் ஆகப்போறதில்லீங்க.”

“பேரு இருக்குதுங்களே சார்.”

“உண்மைய எழுதினா யாரு மாட்டுவாங்கன்னு யோசிச்சுப் பாத்தீங்களா? தாளுல உங்க கையெழுத்துதான் இருக்குது, என்ற கையெழுத்து இல்லீங்க.”

மிரட்டுகிற குரலில்லை. அவளுக்கு நல்லது சொல்வது மாதிரிதான் சொன்னான். அதுதான் அவளுக்கு அதிகம் பயமாக இருந்தது.

அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் மாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். சின்னாத்தாள் வாசலில் வெங்காயத் தாள் நறுக்கிக்கொண்டிருந்தாள். சொல்ல ஆரம்பித்ததும் அரிவாள்மனையை மடக்கி வைத்தாள். துணி, பெட்டி, எண்பத்திரண்டு, பத்தொன்பது. கிழவிக்குப் பாதி விளங்கவில்லை. ஆனால் விளங்க வேண்டியது விளங்கியது.

“அந்தத் துணி ஆகாதுன்னு உனக்குத் தெரியும்.”

“கையெழுத்துப் போடறப்பத் தெரியாதுங்க அத்தை. பொறவு தெரிஞ்சுது.”

“அவனுக்கு?”

“சொன்னேனுங்க.”

“தெரிஞ்சேதான் போனானா?”

“ஆமாங்க அத்தை.”

சின்னாத்தாள் நறுக்கியதையெல்லாம் அள்ளி முறத்தில் போட்டாள். பிறகு உள்ளே போய் ஒரு மஞ்சப்பையில் இரண்டு சேலையை எடுத்து வைத்தாள். “நாளைக்குக் காத்தால சென்னிமலைக்கு, என்ற மக ஊட்டுக்குப் போறேன் கண்ணு. உன்னய நான் ஒண்ணும் சொல்லல. ஆனா இங்க என்னால சோறு திங்க முடியாது.”

அவள் போனாள். திரும்பி வரவில்லை.

விசாரணைக்கு வந்தவர்களில் மூத்தவர் ஒரு மேஜர். பாலக்காட்டுக்காரர், தமிழ் நன்றாகப் பேசினார். கம்பெனியின் மீட்டிங் அறையில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். அதற்கு முந்தின நாளே கயல்விழி கரும்புக்கடைக்குப் போய்த் தாரிக்கைப் பார்த்திருந்தாள். ‘அண்ணன் இடிச்ச மாதிரி யாரும் இடிக்க மாட்டாங்க, அத நான் அந்த ஆபீசருங்ககிட்ட அடிச்சுச் சொல்வேனுங்க அக்கா’ என்று அவள் முன்னால் அழுதான். அவன் மனைவி சித்திகா டீ கொடுத்தாள்.

அறைக்குள் போனதும் கயல்விழி உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். மேஜர் குறுக்கிடாமல் கேட்டார். அவள் முடித்ததும் ஆறு தாளையும் மேசையில் பரப்பினார்.

“இது உங்க கையெழுத்துதானே?”

“ஆமாங்க.”

“இந்த எண்ணெல்லாம் நீங்க எழுதினதுதானே?”

“ஆமாங்க. பொய்யா எழுதினதுங்க.”

“உண்மையான எண் எங்கே?”

“கம்ப்யூட்டருல ஏத்துனேனுங்க. நேத்துப் பாத்தா இல்லீங்க.”

“கிழிஞ்ச துண்டு?”

“மொதலாளி மேசையில வெச்சுட்டு வந்துட்டேனுங்க.”

மேஜர் பேனாவை மூடினார். “முகாம்ல அந்தத் துணியாவது இருக்குதான்னு கேட்டோம்மா. விபத்து நடந்த அன்னைக்கே டோசர் விட்டு அந்தப் பக்கம் முழுக்கத் தள்ளிட்டாங்க. எல்லையில முகாம் மதிலை ஒரு ராத்திரி திறந்து போட முடியாது. எல்லாம் மண்ணுக்குள்ளே இருக்கு. இங்கே ஸ்டோர்ல இருக்கற துணியை இப்போ சோதிச்சோம், நல்லா இருக்கு.”

“அது புதுத் துணிங்க.”

“இருக்கலாம். நீங்க எங்களுக்கு ரெண்டு விதமா சொல்லியிருக்கீங்க. ஒண்ணு கையெழுத்தோட இருக்கு. இன்னொண்ணு வாய்ச்சொல்லு. நான் எதை எழுதறது, சொல்லுங்க.” அவர் அவளை ஏளனமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டார்.

அவள் வெளியே வந்ததும் தாரிக்கைக் கூப்பிட்டார்கள். கதவு முழுக்கச் சாத்தியிருக்கவில்லை. மண்ணை இடித்துத்தான் நிரப்பினீர்களா என்று மேஜர் கேட்டது அவளுக்குக் கேட்டது.

“அதெல்லாம் அண்ணன்தானுங்க பாத்துக்கிட்டாரு” என்றான் தாரிக். “நான் கம்பி கட்டற வேலையில இருந்தேனுங்க. எனக்குச் செரியாத் தெரியாதுங்க.”

வெளியே வந்தவன் அவளைக் கடந்து போனான். நிமிர்ந்து பார்க்கவில்லை. பைக்கை உதைத்துக் கிளப்பப் பார்த்தான். இரண்டு மூன்று முறை உதைத்தும் கிளம்பவில்லை. தள்ளிக்கொண்டே கேட்டுக்கு வெளியே போய்விட்டான்.

அறிக்கை செப்டம்பரில் வந்தது. துணியின் தரம் குறித்த குற்றச்சாட்டுக்கு ஆதாரம் இல்லை. நிரப்பியதில் ஏற்பட்ட குறையே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். சோதனை அலுவலர் தானே பொய்ச் சான்று அளித்ததாக ஒப்புக்கொண்டிருப்பதால், அவர் மீது நடவடிக்கை எடுக்கவும், மறு அறிவிப்பு வரும் வரை கொள்முதலை நிறுத்திவைக்கவும் பரிந்துரை.

நடவடிக்கை மறுநாளே எடுக்கப்பட்டது. கயல்விழியை வேலையிலிருந்து நீக்கினார்கள். இவ்வளவுக்கும் தண்டனை என்று ஒன்று கிடைத்தது அவளுக்கு மட்டும்தான். கொள்முதல் நின்றதால் தையல் வரிசையில் இருந்த அறுபது பெண்களையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர்களில் பாதிப்பேர் அவள் தெருக்காரர்கள். தண்ணீர்க் குழாயடியில் அவள் குடத்தை வைத்தால் பேச்சு நின்றுவிடும். ஒருத்தி மட்டும், சண்முகப்ரியா, நேருக்கு நேராகக் கேட்டாள். “மொதல்லயே சொல்லியிருந்தா உன்ற புருசன் இருந்திருப்பாரு. இல்ல, கடைசி வரைக்கும் சொல்லாம இருந்திருந்தா எங்களுக்குச் சோறு இருந்திருக்கும். நடுவுல போயிச் சொல்லி யாருக்கு என்னக்கா ஆச்சு?”

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லைதான்.

அவள் டெல்லிக்கு இரண்டு கடிதம் போட்டாள். பள்ளிக்கூடத்து இங்கிலீஷ் டீச்சர் திருத்திக் கொடுத்தார். முதல் கடிதத்துக்கு, கோப்பு முடிக்கப்பட்டுவிட்டது என்று பதில் வந்தது. இரண்டாவதற்குப் பதில் இல்லை. பாலக்காட்டு மேஜர் கொடுத்திருந்த நம்பருக்குப் போன் செய்தபோது, அவர் வடகிழக்குக்கு மாறிப் போய்விட்டதாக வேறு யாரோ இந்தியில் சொன்னார்கள். பாலுசாமியைப் பார்க்கத் தோட்டத்துக்குப் போனாள். அவர் கட்டிலில் படுத்திருந்தார். பக்கவாதம் வந்து பேச்சு போயிருந்தது. அவளைப் பார்த்ததும் அவர் கண்ணில் நீர் வந்தது. அது அவளை அடையாளம் தெரிந்து வந்ததா என்று சொல்ல முடியவில்லை. அவரைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த லோகப்பிரியா அவளுக்கு மோர் கொடுத்து அனுப்பினாள்.

ஆறு மாதத்தில் கம்பெனி திறந்தது. லோகப்பிரியா பெயரில், புதுப் பலகையோடு. அதே ஷெட், அதே மெஷின்கள். பழைய பெண்கள் எல்லோரையும் திரும்பக் கூப்பிட்டார்கள். சண்முகப்ரியாவும் போனாள். கயல்விழி அவிநாசியில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குச் சேர்ந்தாள். ஓட்டை, அழுக்கு, தையல் விட்டுப்போனது இவற்றைப் பார்த்து ஒதுக்க வேண்டும். பத்து மணி நேரம் நின்றபடி வேலை. அக்ஷிதா பள்ளிவிட்டு வந்து தானே சமைத்துக்கொண்டாள். அப்பாவைப் பற்றி அவள் பேசுவதில்லை. ஒரே ஒரு நாள் கேட்டாள்: “அப்பா தப்பா மண்ணு போட்டதாலதான் செத்தாருன்னு கிளாசுல சொல்றாங்க. நெசமாம்மா?”

“இல்ல கண்ணு.”

“அப்ப எதனாலம்மா?”

கயல்விழி சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை. அக்ஷிதாவும் மேற்கொண்டு கேட்கவில்லை.

அடுத்த வருஷம், வெயில் ஏறிய ஒரு மதிய நேரத்தில், சாப்பாட்டு இடைவேளையில் போன் அடித்தது. விசாரணை நாளுக்குப் பிறகு தாரிக் அவளிடம் பேசியதே இல்லை.

“அக்கா, நான் பழைய எடத்துலதாங்க இருக்கறேன்” என்றான். “அதே கேம்ப்பு. புதுக் கம்பெனி போன வருசம் அனுப்பின கூண்டு. நான்தான் வந்து நட்டேன். இப்ப ரிப்பேருக்கு அனுப்பியிருக்காங்க.”

அவள் டிபன் பாக்ஸைக் கீழே வைத்தாள்.

“தெக்குப் பக்கம் துணியெல்லாம் பொடியாவுதுங்க அக்கா. நகம் பட்டாப் போதும்.”

“ரோல் நம்பரு ஏதாச்சும் தெரியுதா?”

“ஓரத்துல அச்சு இருக்குதுங்க.” அவன் மெதுவாக ஒவ்வொரு எண்ணாகப் படித்தான். அவள் பக்கத்தில் கிடந்த அட்டைப் பெட்டியின் ஓரத்தைக் கிழித்து அதில் குறித்துக்கொண்டாள்.

“யாருக்கு அனுப்பப் போறீங்கக்கா?” என்று கேட்டான்.

அவள் யோசித்தாள். ஒரு பெயரும் நினைவுக்கு வரவில்லை.

“நீ ஊட்டுக்கு வந்துரு தாரிக்.”

“சித்திகாவுக்கு இது எட்டாம் மாசமுங்க. இப்ப வேலைய உட்டுட்டு வந்து என்னங்கக்கா பண்றது?” அவன் குரல் உடைந்தது. “அன்னிக்கு நான் பேசியிருக்கோணுங்க அக்கா.”

“ஆமா” என்றாள் கயல்விழி. “நானும் பேசியிருக்கோணும். அதுக்கு முன்னாடியே.”

அங்கே காற்று அடிப்பது போனில் கேட்டது.

“செவுத்துக்குக் கிட்ட நிக்காத சாமி.”

“வேலையே செவுத்துகிட்டதானுங்களே” என்றான் தாரிக். யாரோ அவனை இந்தியில் கூப்பிட்டார்கள். “வாரேனுங்க அக்கா” என்று வைத்துவிட்டான்.

உள்ளே மணி அடித்தது. கயல்விழி அட்டைத் துண்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். டிபன் பாக்ஸில் பாதிச் சோறு அப்படியே இருந்தது. அதை மூடிப் பைக்குள் வைத்துவிட்டு, மற்ற பெண்களோடு சேர்ந்து உள்ளே போனாள்.